பழைய கமடோர் 64-க்கு மறுபடி உயிர் கொடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கமடோர் 64 என்ற என் பழைய வீட்டுக் கணினியைக் கெடுத்தது வேறு யாருமல்ல, நான்தான். பல வருடம் பெட்டிக்குள் கிடந்ததை வெளியே எடுத்தேன், தூசியைத் தட்டினேன், கூடவே இருந்த பழைய அடாப்டரைச் செருகி சுவிட்சைப் போட்டேன். நீலத் திரை வந்தது, கர்சர் சிமிட்டியது. வீட்டில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று எழுந்து போனேன். திரும்பி வந்தபோது திரை கறுத்துக் கிடந்தது. தொட்டுப் பார்த்தால் அடாப்டர் கொதித்தது.

அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆறு வருடம் ஆனது. தினமும் உட்கார்ந்து செய்த வேலை இல்லை. ஒரு மாதம் முனைப்பாகச் செய்வேன், அப்புறம் எட்டு மாதம் அலமாரியில் கிடக்கும். அதைவிடப் பெரிய தவறு, வேலையின் வரிசை. முதல் வருடம் முழுக்க வெளிப்பெட்டியைப் பளபளப்பாக்கினேன், இரண்டாவது வருடம் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர்களை மாற்றினேன், மூன்றாவது வருடம்தான் கரண்டை ஒழுங்காக அளந்தேன். அது தலைகீழ். இங்கே சரியான வரிசையில் சொல்கிறேன், நான் எங்கே சறுக்கினேன் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

கமடோர் 64 வெளிவந்தது 1982-இல். 1994 வரை விற்பனையில் இருந்தது. மூளை 6510 என்ற பிராசசர், வேகம் ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 64 கிலோபைட். படத்தை விக்-2 என்ற சிப்பும், ஒலியைச் சிட் என்ற சிப்பும் கவனிக்கின்றன. சிட்டை வடிவமைத்தவர் பாப் யானஸ். கீபோர்டு, ஜாய்ஸ்டிக், டிஸ்க் போன்ற வெளித்தொடர்புகளுக்கு 6526 என்ற சிஐஏ சிப்கள் இரண்டு. இவற்றுக்கு நடுவே பிஎல்ஏ என்ற 28 கால் சிப் ஒன்று உண்டு. பிராசசர் ஒரு முகவரியைக் கேட்டால் ரேம் பதில் சொல்ல வேண்டுமா, ராம் சொல்ல வேண்டுமா, சிட் சொல்ல வேண்டுமா என்று முடிவு செய்வது அதுதான். போக்குவரத்து போலீஸ் மாதிரி. அது படுத்துவிட்டால் மொத்தமும் படுத்துவிடும்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எழுதி அழிக்கக்கூடிய நினைவகத்தை ரேம் என்றும், தொழிற்சாலையிலேயே எழுதி அடைத்த நிரந்தர நினைவகத்தை ராம் என்றும் எழுதினால் படிப்பவருக்குத் தலை சுற்றும். அதனால் இரண்டாவதை இனி 'நிரந்தர சிப்' என்றே சொல்கிறேன். அப்படி மூன்று நிரந்தர சிப் உண்டு: பேசிக் மொழிக்கு 8 கிலோபைட், கணினியை இயக்கும் அடிப்படை நிரலான கெர்னலுக்கு 8, எழுத்துருவுக்கு 4.

மேசையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர் ஒன்று கட்டாயம். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள சால்டரிங் அயர்ன், ஈயம் கலந்த 60/40 சால்டர், சால்டர் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ், உருகிய சால்டரை உறிஞ்சி எடுக்கும் பம்ப், 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால், பழைய பல் துலக்கும் பிரஷ், நல்ல வெளிச்சம், ஒரு நோட்டுப்புத்தகம். மின்துடிப்பைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பெரும்பாலான வேலை நடக்கும். நான் கடைசிவரை அது இல்லாமலேயே சமாளித்தேன்.

நோட்டுப்புத்தகம் ஒப்புக்குச் சொன்னதில்லை. எட்டு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது எந்த சிப்பைக் கழற்றினோம், எங்கே என்ன வோல்ட் காட்டியது என்பது ஒருவருக்கும் நினைவிருக்காது. எனக்கு இல்லை. ஒரே சிப்பை இரண்டு தடவை சந்தேகப்பட்டு இரண்டு தடவை சோதித்த பிறகுதான் எழுதவே ஆரம்பித்தேன்.

முதல் படி: அடாப்டரை நம்பாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கமடோர் 64-இன் அடாப்டர் இரண்டு விதமான கரண்டைக் கொடுக்கிறது: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. அந்த 5 வோல்ட்டைச் சீராக்கும் ரெகுலேட்டர் அடாப்டருக்குள்ளேயே இருக்கிறது. பழைய அடாப்டர்கள் பலவற்றில் உள்ளே பிசின் ஊற்றி இறுக்கியிருப்பார்கள். சூடு வெளியே போக வழியில்லை, திறந்து பழுது பார்க்கவும் வழியில்லை. வயதாகி ரெகுலேட்டர் பழுதானால் பல நேரம் கரண்ட் நிற்பதில்லை, வோல்ட் ஏறுகிறது. 5 வோல்ட்டுக்காகப் பிறந்த ரேம் சிப்கள்தான் முதல் பலி.

கணினியில் செருகாமல் அளந்து '5.1 காட்டுகிறது, சரி' என்று விட்டுவிடக் கூடாது. குளிர்ந்திருக்கும்போது சரியாகக் காட்டும் அடாப்டர், பாரம் ஏறிச் சூடானதும் வேலையைக் காட்டும். 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட் பக்கம் இணையுங்கள். 1 ஆம்பியர் இழுக்கும், கணினி இழுப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான். ரெசிஸ்டரில் 5 வாட் சூடு வரும், தொடாதீர்கள், பிளாஸ்டிக் மேல் வைக்காதீர்கள். அரை மணி நேரம் விட்டு, அவ்வப்போது மீட்டரைப் பாருங்கள். 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் நிற்க வேண்டும். மெல்ல ஏறிக்கொண்டே போனால் அந்த அடாப்டர் நினைவுப்பொருள்தான், அதோடு மறந்துவிடுங்கள்.

உண்மையைச் சொன்னால், சோதனையில் தேறினாலும் பழைய பிசின் அடாப்டரை நான் பயன்படுத்துவதில்லை. புதிதாகத் தயாரிக்கப்பட்ட மாற்று அடாப்டர் வாங்குவதுதான் நல்லது. அதோடு அடாப்டருக்கும் கணினிக்கும் நடுவே மாட்டும் பாதுகாப்புச் சுற்று ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள், வோல்ட் எல்லை தாண்டினால் அது உடனே துண்டித்துவிடும். மின்சாரத்தில் அனுபவம் இல்லாதவர்கள் அடாப்டரைத் தாங்களே கட்ட முயல வேண்டாம். வீட்டு மின்சாரம் நேராக வரும் இடம் அது.

இரண்டாம் படி: திறப்பது

அடிப்பக்கம், முன்விளிம்பை ஒட்டி மூன்று திருகுகள். அவற்றைக் கழற்றி, மேல்மூடியை முன்பக்கமாகத் தூக்குங்கள், பின்பக்கம் கொக்கிகளில் மாட்டியிருக்கும். பழைய பிளாஸ்டிக் நொறுங்கும், அதனால் இழுக்காமல் கீல் திறப்பது போலத் திறக்க வேண்டும். முழுசாகத் தூக்குவதற்கு முன் நிறுத்துங்கள். கீபோர்டிலிருந்து 20 துளை இணைப்பும், சிவப்பு விளக்கிலிருந்து சின்ன இணைப்பும் சிப்கள் பொருத்திய போர்டுக்குப் போகும். இரண்டையும் கழற்றிவிட்டுத்தான் மூடியை எடுக்க வேண்டும்.

சில போர்டுகளின் மேல் உலோகத் தகடும், சிலவற்றில் வெள்ளித்தாள் ஒட்டிய அட்டையும் மூடியிருக்கும். அந்த அட்டை சூட்டைப் பிடித்து வைப்பதைத் தவிர வேறு நல்லது செய்வதில்லை என்பது என் அபிப்பிராயம். எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டேன், திரும்பப் போடவில்லை.

போர்டில் 250407, 250425, 250466, 250469 என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். அதை நோட்டில் முதல் வரியாக எழுதுங்கள். சுற்றுப்படம் போர்டுக்குப் போர்டு மாறும். எந்த சிப் சாக்கெட்டில் இருக்கிறது, எது நேராகச் சால்டர் செய்யப்பட்டிருக்கிறது என்பதையும் குறித்து, நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பைத் தொடுமுன் எர்த் உள்ள உலோகத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். சிஐஏ சிப்கள் இதற்கு ரொம்பப் பலவீனமானவை. ஜாய்ஸ்டிக் செருகும் இடத்தில் கம்பிகள் வெளியே தெரிகின்றன அல்லவா, அவற்றை விரலால் தொட்டே சிஐஏவைக் கொன்றவர்கள் உண்டு.

மூன்றாம் படி: அளப்பது

முதலில் போர்டில் உள்ள கண்ணாடி ஃப்யூஸ். 9 வோல்ட் ஏசி அதன் வழியாகத்தான் போகிறது. பழைய நீளப் போர்டுகளில் விக் சிப்புக்குத் தேவையான கரண்டும் கடிகாரத் துடிப்புக்கான கரண்டும் அந்த 9 வோல்ட்டிலிருந்துதான் தயாராகின்றன. ஆகவே ஃப்யூஸ் போனாலே கறுப்புத் திரை வரும், சிவப்பு விளக்கு மட்டும் ஒன்றும் நடக்காதது போல எரிந்துகொண்டிருக்கும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் மீட்டரில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து 5 வோல்ட்டை அடாப்டரில் அளக்காமல் சிப்பின் காலிலேயே அளங்கள். ரேம் சிப்பான 4164-இல் 8-வது கால் +5, 16-வது கால் கிரவுண்ட். சாதாரண லாஜிக் சிப்களுக்கு இது நேர்மாறு, மறந்தால் குழம்பிப் போவீர்கள். எனக்கு அடாப்டரில் 5.05 காட்டியது, ரேம் காலில் 4.68. நடுவில் 0.37 வோல்ட் எங்கே போனது? பவர் சுவிட்ச்தான் தின்றுகொண்டிருந்தது. உள்ளே கறுத்துப்போன தொடுமுனைகள். கான்டாக்ட் கிளீனர் அடித்து ஐம்பது தடவை ஆன், ஆஃப் செய்ததும் 4.97 வந்தது. அதோடு பவர் சாக்கெட்டின் அடியில் உள்ள சால்டரையும் பாருங்கள். செருகிச் செருகி எடுத்ததில் வட்டமாக விரிசல் விட்டிருக்கும். புதுச் சால்டர் வைத்துத் தொட்டால் போதும்.

பிறகு 12 வோல்ட். பழைய சிட்டான 6581-க்கு 28-வது காலில் 12 வோல்ட் வர வேண்டும். பின்னால் வந்த 8580 வகை சிட்டுக்கு 9 வோல்ட்தான். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள், 12 வோல்ட் போர்டில் 8580-ஐச் செருகினால் அந்த சிப்புக்கு ஆயுசு அவ்வளவுதான்.

கடைசியாக ரீசெட், அதாவது பிராசசரை முதலிலிருந்து தொடங்கவைக்கும் சமிக்ஞை. 6510-இன் 40-வது காலில் மீட்டரை வைத்துக்கொண்டு சுவிட்சைப் போடுங்கள். ஒரு கணம் தாழ்ந்திருந்து அப்புறம் 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஏறி நிற்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் பிராசசர் எழுந்திருக்கவே இல்லை என்று அர்த்தம், மற்ற சிப்களைச் சந்தேகிக்க வேண்டாம். ரீசெட்டை உண்டாக்கும் 556 டைமர் சிப்பையும் அதைச் சுற்றியுள்ளதையும் பாருங்கள்.

நான்காம் படி: திரை என்ன சொல்கிறது

வோல்ட் எல்லாம் சரி என்றால் இனி திரையைப் படிக்கலாம். எனக்கு இந்த முழுப் பொழுதுபோக்கிலேயே பிடித்த பகுதி இதுதான்.

எல்லாம் நன்றாக இருந்தால் இளநீலக் கரை, நீலத் திரை, மேலே இரண்டு வரி, அதில் 38911 பேசிக் பைட்டுகள் காலியாக இருக்கின்றன என்ற செய்தி. அந்த எண் சும்மா அச்சடித்து வைத்தது இல்லை. ஒவ்வொரு முறையும் ஆன் செய்யும்போது கணினி ரேமைக் கீழிருந்து மேலாக எழுதிப் படித்துச் சோதித்துக்கொண்டே போகிறது. பேசிக் நிரந்தர சிப் தொடங்கும் 40960 என்ற முகவரியில் எழுத முடியாமல் நிற்கும். பேசிக் புரோகிராம் தொடங்கும் இடம் 2049. கழித்தால் 38911. நடுவழியில் ஓர் இடத்தில் எழுதியது திரும்பி வரவில்லை என்றால் அங்கேயே எண்ணிக்கை நின்றுவிடும். ஆகவே படம் வந்து, எண் மட்டும் குறைவாக இருந்தால் ரேமைச் சந்தேகிக்கலாம்.

திரை வந்து, கர்சர் சிமிட்டவில்லையா? முதல் சிஐஏவைப் பாருங்கள். விநாடிக்கு 60 தடவை பிராசசரைத் தட்டி எழுப்பும் டைமர் அதில் இருக்கிறது. அது நின்றால் கர்சரும் நிற்கும், கீபோர்டும் கேட்காது. பெரும்பாலான போர்டுகளில் இரண்டு சிஐஏவும் ஒரே வகை என்பதால், சாக்கெட்டில் இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். குற்றம் இடம் மாறினால் குற்றவாளி கிடைத்தாயிற்று.

எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகக் கிறுக்கல் என்றால் எழுத்துரு சிப், அல்லது ரேம். எழுத்து சரி, வண்ணம் மட்டும் மினுக்மினுக்கென்று தப்பாக வருகிறதா? 2114 என்ற கலர் ரேம். ஒலி மட்டும் இல்லையென்றால் சிட், அல்லது அதற்கு வரும் 12 வோல்ட்.

முழுக் கறுப்புத் திரைதான் கஷ்டமான நோய். பிஎல்ஏ, ரேம், கெர்னல், பிராசசர், எதுவாகவும் இருக்கலாம். அனுபவத்தில் பிஎல்ஏவும் ரேமும்தான் முன்வரிசை. இங்கே உதவுவது டெட் டெஸ்ட் என்ற சோதனைக் கார்ட்ரிட்ஜ். சாதாரண கார்ட்ரிட்ஜ் ஓட ரேமும் கெர்னலும் வேண்டும். இது கெர்னலின் இடத்தில் தானே உட்கார்ந்து, ரேமை நம்பாமலே ஓடும். போட்டதும் கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கும், பயந்து அணைத்துவிடாதீர்கள். பிறகு சோதனைத் திரை வந்தால் ரேம் நல்லது. திரை பளிச் பளிச்சென்று மின்னினால் எண்ணுங்கள். எத்தனை தடவை மின்னுகிறது என்பதை வைத்து எட்டு ரேம் சிப்களில் எது கெட்டது என்று அதன் அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். எதுவுமே நடக்காவிட்டால் பிஎல்ஏ, பிராசசர், விக் பக்கம் போக வேண்டும்.

விரல் சோதனையும் உண்டு. ஆன் செய்து இரண்டு நிமிடம் கழித்து ரேம் சிப்களின் முதுகை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க, ஒன்று மட்டும் சுட்டால் அது செத்திருக்க வாய்ப்பு அதிகம். விக், சிட், பிஎல்ஏ மூன்றும் நல்லதாக இருந்தாலே சுடும், அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். என் போர்டில் இரண்டு சிப் சுட்டன. ஒன்றைத் தொட்ட விரலில் அரை நாள் எரிச்சல் இருந்தது.

ஐந்தாம் படி: ரேம் சிப்பை மாற்றுவது

எடுத்த எடுப்பில் கழற்றாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நல்ல 4164 ஒன்றைச் சந்தேகத்துக்குரிய சிப்பின் மேலேயே, ஓரத்தில் உள்ள பள்ளம் இரண்டிலும் ஒரே திசையில் இருக்கும்படி, காலோடு கால் படுமாறு அமுக்கி உட்கார வைத்து ஆன் செய்யுங்கள். திரையில் மாற்றம் தெரிந்தால் சந்தேகம் உறுதி. தெரியாவிட்டால் கீழே உள்ளது நல்லது என்று மட்டும் முடிவு செய்துவிடக் கூடாது. கெட்ட சிப் தன் வெளியீட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தால் மேலே உள்ளதால் ஒன்றும் செய்ய முடியாது.

மாற்றுவது என்று முடிவானால், செத்த சிப்பைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். காப்பாற்ற வேண்டியது போர்டை. நான் முதல் சிப்பை முழுசாகக் கழற்றப் பார்த்தேன். பதினாறு காலிலும் பம்ப் வைத்து உறிஞ்சினேன், பதினைந்து கால் ஆடியது, ஒன்று ஆடவில்லை. கொஞ்சம் நெம்பினேன். 'டிக்' என்று மெல்லிய சத்தம். சிப் வந்தது, கூடவே செம்பு வளையமும், அதிலிருந்து போன மயிரிழை போன்ற தடமும் உரிந்து வந்தன. அந்தத் தடத்தை மெல்லிய கம்பி வைத்து அடிப்பக்கமாகத் திரும்ப இழுக்க ஒரு மாலைப்பொழுது போனது. இன்றைக்கும் போர்டைக் கவிழ்த்தால் அந்த நீலக் கம்பிதான் முதலில் கண்ணில் படும்.

இரண்டாவது சிப்பில் புத்தி வந்தது. கூர்மையான சின்னக் கட்டரால் பதினாறு கால்களையும் சிப்பின் உடம்பை ஒட்டி வெட்டினேன். உடம்பு தனியாக வந்துவிட்டது. நின்றிருந்த கால்களுக்கு ஒவ்வொன்றாகப் புதுச் சால்டரும் ஃப்ளக்ஸும் கொடுத்து, 330 டிகிரியில் சூடாக்கி, ட்வீசரால் பிடித்தால் வெண்ணெயிலிருந்து மயிர் எடுப்பது போல வருகிறது. வராவிட்டால் இழுக்காதீர்கள், இன்னும் கொஞ்சம் புதுச் சால்டர் கொடுங்கள். பழைய சால்டர் தனியாக உருக மறுக்கும், புதியது கலந்ததும் இளகும். கிரவுண்ட் கால் மட்டும் அடம்பிடிக்கும், அதைச் சுற்றியுள்ள பெரிய செம்புப் பரப்பு சூட்டை இழுத்துக்கொள்வதால். அங்கே 20 டிகிரி கூட்டிக்கொள்ளலாம்.

துளைகளைச் சுத்தம் செய்து, ஆல்கஹால் வைத்துத் துடைத்து, நேராகச் சிப்பை வைக்காமல் சாக்கெட் வையுங்கள். அடுத்த தடவை இந்தப் பாடு வேண்டாம் அல்லவா. 4164 கிடைக்காவிட்டால் 41256 போடலாம், ஆனால் அதன் 1-வது கால் கூடுதல் முகவரிக் கால், அதைத் தொங்கவிடாமல் கிரவுண்டோடு இணைக்க வேண்டும்.

எனக்கு இரண்டு சிப்பும் மாற்றியபின் படம் வந்தது. ஆனால் 38911-க்குப் பதில் அதைவிடக் குறைந்த ஓர் எண். மூன்றாவது சிப் ஒன்று அரைகுறையாகச் செத்திருந்தது. அதையும் மாற்றி ஆன் செய்து, அந்த ஐந்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன்.

கெபாசிட்டர் பற்றி ஒரு வார்த்தை

பழைய கணினி என்றாலே 'எல்லா கெபாசிட்டரையும் மாற்று' என்பார்கள். கமடோர் 64-இல் உள்ளவை பெரும்பாலும் நன்றாகவே தாங்கியிருக்கின்றன. நான் அத்தனையையும் மாற்றினேன், கறுப்புத் திரை கறுப்பாகவே இருந்தது. கசிந்திருந்தாலோ உப்பியிருந்தாலோ படத்தில் கோடு ஓடினாலோ மாற்றுங்கள். மாற்றும்போது பிளஸ், மைனஸ் பார்த்து வையுங்கள். அவ்வளவுதான்.

ஆறாம் படி: கீபோர்டு

66 விசைகள். சில விசைகள் கேட்காமல் போவதற்குப் பெரும்பாலும் அழுக்குதான் காரணம். ஒவ்வொரு விசையின் கீழும் கரி கலந்த ரப்பர் துண்டு ஒன்று போர்டில் பட்டு இணைப்பு தருகிறது. விசைமூடிகளை நேர் மேலாக இழுங்கள், சாய்த்தால் தண்டு உடையும். அடியில் ஸ்ப்ரிங் இருக்கும், ஒரு டப்பாவில் போடுங்கள். ஸ்பேஸ் பாரில் உலோகக் கம்பி ஒன்று கோர்த்திருக்கும், அதைப் பொறுமையாகக் கழற்ற வேண்டும்.

பின்பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட பொடித் திருகுகள். அவற்றைக் கழற்றியதும் போர்டைத் தூக்கிவிடாதீர்கள். ஷிஃப்ட் லாக் விசைக்கு இரண்டு கம்பிகள் சால்டர் செய்யப்பட்டிருக்கும், முதலில் அவற்றை விடுவிக்க வேண்டும். தொடுபரப்பை ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் மெல்லத் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கரிப்பூச்சு போய்விடும், திரும்ப வராது. மூடிகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

ஏழாம் படி: நல்ல படம்

பின்பக்கம் உள்ள ஆன்டெனா வெளியீட்டை மறந்துவிடலாம். 8 முனை வீடியோ சாக்கெட்டில் ஒளியும் வண்ணமும் தனித்தனியாக வருகின்றன, அவற்றை எஸ்-வீடியோவாக எடுத்தால் எழுத்து கத்தி போல வரும். வண்ணக் கம்பியில் மட்டும் 300 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் வையுங்கள், இல்லாவிட்டால் வண்ணம் தூக்கலாக அடிக்கும். ஆரம்பகாலப் போர்டுகளில் 5 முனை சாக்கெட்தான் இருக்கும், அதில் வண்ணம் தனியாகக் கிடைக்காது.

புது டிவி சில இந்தப் படத்தை ஏற்காது. பால் (PAL) என்ற டிவி முறைக்கான கமடோர், படத்தை இரண்டு பாதியாகப் பிரித்துப் பின்னாமல் 312 கோடுகளை அப்படியே அனுப்புகிறது, அதைச் சில டிவிகள் ஒழுங்கற்ற சமிக்ஞை என்று தள்ளிவிடும். கணினி கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி பிரிக்காதீர்கள். ஒரு பழைய குழாய் டிவியிலோ, இதற்கென்றே உள்ள மாற்றியிலோ முதலில் பாருங்கள்.

எட்டாம் படி: டிஸ்க்கும் டேப்பும்

1541 டிஸ்க் டிரைவ் உண்மையில் இன்னொரு கணினி. அதற்குள் தனியாக 6502 பிராசசர், 2 கிலோபைட் ரேம் உண்டு. ஒரு டிஸ்கில் 35 தடங்கள், பயனருக்கு 664 பிளாக், மொத்தம் ஏறத்தாழ 170 கிலோபைட். பெரும்பாலும் தலையை ஆல்கஹாலால் துடைத்து, அது நகரும் கம்பிகளைச் சுத்தம் செய்து ஒரு துளி எண்ணெய் விட்டாலே படிக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: பூஞ்சை பிடித்த டிஸ்கைப் போட்டுவிடாதீர்கள். அழுக்கு தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் நல்ல டிஸ்கையும் கீறிவிடும். டிஸ்கின் பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். படிக்கும் டிஸ்க் எதுவாக இருந்தாலும் அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

டேப் ரெக்கார்டரில் ரப்பர் பெல்ட் கறுப்புத் தாராக உருகிப் போயிருக்கும். துடைத்துவிட்டுப் புதுசு போடுங்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கு எஸ்டி கார்டைப் படிக்கும் எஸ்டி2ஐஇசி போன்ற சின்னக் கருவி போதும், டிஸ்கை வேகமாகப் படிக்கவைக்கும் எல்லா வேகப்படுத்தி நிரல்களோடும் ஒத்துப்போகாது என்றாலும்.

ஒன்பதாம் படி: மஞ்சள் நிறம்

இது கடைசியில் வருவதற்குக் காரணம் உண்டு, இது வெறும் அலங்காரம். ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்து வெயிலிலோ புற ஊதா விளக்கிலோ வைத்தால் பிளாஸ்டிக்கின் மஞ்சள் வெளுக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக் கூடாது, தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. க்ரீமாகப் பூசி பிளாஸ்டிக் தாள் சுற்றினால் திட்டுத்திட்டாக வெளுக்கும், முழுசாக மூழ்கவைப்பதே மேல். வெளுத்தது சில வருடத்தில் மறுபடி மஞ்சளாகவும் கூடும். முதல் வருடம் நான் வெளுக்கவைத்த மூடி, ஆறாவது வருடம் பழைய நிறத்துக்குப் பாதி வழி வந்துவிட்டது. இன்னொரு தடவை செய்யப்போவதில்லை.

உங்களுடையது வேறு கணினி என்றால்

முறை இதேதான், முதலில் பார்க்க வேண்டிய இடம் மட்டும் மாறும். அமிகா 500 பிளஸ், அமிகா 2000 போன்றவற்றில் போர்டிலேயே ரீசார்ஜ் பேட்டரி உண்டு. அது கசிந்து தடங்களை அரிக்கும், ஆகவே இன்றே வெட்டி எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அமிகா 600, 1200-இல் பொடி கெபாசிட்டர்கள் கசிபவை, அங்கே மாற்றுவது நியாயம். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தில் கீபோர்டிலிருந்து வரும் நாடா காய்ந்து ஒடியும். அதன் 4116 ரேம் சிப்களுக்கு +12, +5, -5 என்று மூன்று வோல்ட் வேண்டும், அதிலும் -5 விடுபட்டால் சிப் போய்விடக்கூடும்.

மூடுவதற்கு முன்

சிறிய தாளில் போர்டு எண், மாற்றிய சிப்கள், தேதி, அன்று ரேம் காலில் அளந்த வோல்ட் எல்லாம் எழுதி மேல்மூடியின் உட்புறம் ஒட்டுங்கள், சிப் எதன் மேலும் படாமல். இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, மறுபடி வோல்ட் அளந்து, அப்புறம் மூன்று திருகையும் போடுங்கள். பிளாஸ்டிக் துளை என்பதால் விரல் நுனி பலம் போதும்.

என் தாளில் இப்போது ஏழு வரி இருக்கிறது: மூன்று ரேம், சுவிட்ச், பவர் சாக்கெட், கீபோர்டு, கலர் ரேம். எட்டாவது வரி பென்சிலில். சூடானபின் சிட்டின் மூன்றாவது குரல் சில நேரம் கரகரக்கிறது. மாற்று சிப் வாங்கி வைத்து நாலு மாதம் ஆகிறது, இன்னும் மூடியைத் திறக்கவில்லை.